ஒரே மாத்திரை, இரண்டு பெயர்: குவாத்தமாலா மருத்துவ முகாமில் நடந்தது

2019 ஜூன் மாதம் ஒரு வார மருத்துவ முகாமுக்குத் தன்னார்வலராகக் குவாத்தமாலா போயிருந்தேன். அங்கே நாங்கள் கொடுத்த மாத்திரையால் வயதான ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். மாத்திரைப் பையை அவர் கையில் கொடுத்தது நான்தான். கோடை விடுமுறை வந்தால் இப்படிக் கிளம்பும் நம் பிள்ளைகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் இப்போது நிறைய இருக்கிறார்கள். பெட்டி கட்டுவதற்கு முன் அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அம்மாவிடமும் அவர் மருமகளிடமும் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். ஊர், அமைப்பு, ஆட்கள் யாருடைய பெயரையும் சொல்லப்போவதில்லை.

குழுவும் ஊரும்

நாங்கள் 23 பேர். மூன்று மருத்துவர்கள், நான்கு செவிலியர்கள், மருந்தாளுநராக நான் ஒருத்தி, மீதிப் பதினைந்து பேரும் மருத்துவம் படிக்க ஆசைப்படும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். ஆளுக்கு 2,000 டாலருக்கு மேல் சொந்தச் செலவு. நான் 2001-ல் மதுரையில் பி.ஃபார்ம் முடித்து, இரண்டு வருடம் அங்கேயே ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றுவிட்டு, அப்புறம் அமெரிக்கா வந்து தேர்வெழுதி உரிமம் வாங்கியவள். மதுரையில் நின்ற அந்த இரண்டு வருடம் இந்தக் கதைக்கு முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

ஊர், அடிட்லான் ஏரியின் தென்கரைப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், சுற்றிலும் மூன்று எரிமலைகள். அங்கே பேசுவது சுதுஹில் என்ற மாயன் மொழி. குவாத்தமாலாவில் இப்படி 22 மாயன் மொழிகள் இருக்கின்றன. இளவட்டங்களுக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும், பாட்டிமாருக்கு வராது. எங்களில் சுதுஹில் தெரிந்தவர் யாரும் இல்லை. ஸ்பானிஷ் தெரிந்த மாணவர்கள் நான்கு பேர், சுதுஹிலும் ஸ்பானிஷும் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் மூன்று பேர். நோயாளி சொல்வது இரண்டு வாய் தாண்டித்தான் மருத்துவர் காதுக்கு வரும்.

கோடைப் பயணம் என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அங்கே ஜூன் மாதம் மழைக்காலம், அதைக் குளிர்காலம் என்றே சொல்கிறார்கள். போன அறுவடைச் சோளம் வீட்டில் தீர்ந்து, அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும் மாதங்கள் அவை. நம் ஊர்ப் பழைய ஆட்கள் ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்வதை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். அதாவது, பல வீடுகளில் சாப்பாடு குறைவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் நாங்கள் போய் இறங்குகிறோம். எங்களுக்கு விடுமுறை கிடைப்பது அப்போது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

அந்த நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதைப் படித்துவிட்டுப் போனதால் எங்கள் பெட்டிகளில் பாதி பூச்சி மாத்திரையும் வைட்டமினும். வரிசையில் வந்து நின்றதில் பெரும்பாலோர் நாற்பது தாண்டிய பெண்கள், சர்க்கரையோடும் பிரஷரோடும், விறகடுப்புப் புகையால் வந்த இருமலோடும். சர்க்கரைக்கு நாங்கள் கொண்டுபோனது இரண்டே மருந்து: மெட்ஃபார்மின், கிளைபுரைடு. முந்தைய வருடப் பட்டியலைப் பார்த்து வாங்கியது. பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்.

முகாம் நடந்த விதம்

ஊர்ச் சமூகக்கூடம், தகரக் கூரை. வாசலில் மாணவர்கள் பெயர், வயது, எடை, பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்து ஓர் அட்டையில் எழுதுவார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை அட்டையின் பின்பக்கம் எழுத வேண்டும். அட்டையோடு மருத்துவர் மேசை. மருத்துவர் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு துண்டுச் சீட்டில் மருந்து எழுதிக் கொடுப்பார். அட்டை அவரிடமே தங்கிவிடும், சீட்டு மட்டும் என் மேசைக்கு வரும். நடுவில் சத்துணவு ஆலோசனை என்று ஒரு மேசை, அங்கே இரண்டு மாணவிகள் படம் காட்டிப் பேசுவார்கள்.

என் மேசையில் மாத்திரைகளைச் சின்னப் பையில் போட்டு, மேலே சூரியன் படம் அல்லது நிலாப் படம் ஒட்டிக் கொடுப்போம். சூரியன் என்றால் காலை, நிலா என்றால் இரவு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 140 பேர். திங்கட்கிழமை இரவு எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கூடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் அரசுச் சுகாதார நிலையம் இருந்தது. நம் கிராமங்களில் உள்ள துணை சுகாதார நிலையம் மாதிரி, ஒரு செவிலியர், இரண்டு அறை, ஒரு பதிவேடு. மாவட்ட அலுவலகத்துக்கு நாங்கள் வருவதைத் தெரிவித்திருந்தோம், ஆனால் அந்தச் செவிலியரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. அவரும் வரவில்லை. கூப்பிடாத இடத்துக்கு அவர் ஏன் வர வேண்டும்?

செவ்வாய்க்கிழமை

அந்த அம்மாவுக்கு 66 வயது, எடை 47 கிலோ. தலையில் சிவப்பு நாடாவைச் சுற்றிச் சுற்றித் தட்டு மாதிரிக் கட்டியிருந்தார். அந்தப் பக்கத்து வயதான பெண்களில் சிலர்தான் இன்னும் அப்படிக் கட்டுகிறார்கள், அந்நாட்டின் 25 சென்டாவோ நாணயத்தில்கூட அந்தத் தலைக்கட்டோடு ஒரு பெண்ணின் முகம் உண்டு. தனியாக வந்திருந்தார், மருமகள் வேலைக்குப் போயிருந்தார். விடிவதற்கு முன்பே வந்து வரிசையில் உட்கார்ந்தவருக்குக் காலை பத்தரைக்கு முறை வந்தது.

வாசலில் சர்க்கரை 318. பிரஷர் 148-க்கு 84. மாணவி மருந்து பற்றிக் கேட்டதும், அந்த அம்மா துணி முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டியிருக்கிறார். மாணவி அதைப் பார்த்து எங்கள் முகாம் அட்டையின் பின்பக்கம் 'கிளிபென்கிளமிடா 5' என்று எழுத்துக்கூட்டி எழுதினார். அவர் செய்ய வேண்டியதைச் சரியாகவே செய்தார்.

மருத்துவர் முகாம் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியவில்லை, என்ன மருந்து என்று கேட்டார். சுதுஹிலில் கேள்வி போய், சுதுஹிலில் பதில் வந்து, அது ஸ்பானிஷாகி, கடைசியில் ஆங்கிலத்தில் அவர் காதுக்கு வந்தது இதுதான்: "சுகருக்கு அரசு நிலையத்தில் கொடுத்தது, நிறுத்திவிட்டார்." அந்த அம்மா சொன்னது அதுவல்ல. வெளிநாட்டு டாக்டர்கள் இரத்தம் எடுப்பார்கள், மாத்திரை போடாமல் போ என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் இரண்டு நாளாக அவர் போடவில்லை. தமிழிலேயே பாருங்கள், "மாத்திரை சாப்பிடல" என்று ஒருவர் சொன்னால் இன்றைக்குச் சாப்பிடவில்லையா, எப்போதுமே சாப்பிடுவதில்லையா என்று இன்னொரு கேள்வி கேட்டால்தான் தெரியும். அந்த இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

318-க்கும் ஒரு காரணம் இருந்தது. இரண்டு நாள் மாத்திரை இல்லை, போதாததற்கு வரிசையில் காத்திருந்தவர்களுக்கு முகாம் சார்பில் நாங்களே சர்க்கரை போட்ட காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது மருத்துவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கரை 318, மருந்தை நிறுத்தியவர், இனி அடுத்த வருடம்தான் இன்னொரு மருத்துவரைப் பார்ப்பார் என்பது மட்டும். கொஞ்சம் பலமாகவே கொடுத்துவிடுவோம் என்று நினைத்தார். மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, கிளைபுரைடு 5 மி.கி. இரண்டு வேளை, முப்பது நாளைக்கு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அடுத்து சத்துணவு மேசை. அங்கே மாணவிகள் சோள ரொட்டியைக் குறைக்கச் சொன்னார்கள். ஒரு வேளைக்கு இரண்டு போதும் என்று விரல் காட்டிச் சொன்னார்களாம். அந்த வீட்டில் சோள ரொட்டியும் கறுப்புப் பயறும்தான் சாப்பாடே.

அப்புறம் என் மேசை. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. எனக்கு முன்னால் சீட்டு மட்டும். சூரியன் பை, நிலாப் பை என்று காட்டினேன், தலையை ஆட்டினார். பையை வாங்கி, தோளில் கிடந்த துணியின் மூலையில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். நம் பாட்டிமார் முந்தானையில் காசு முடிந்துவைப்பார்களே, அதே மாதிரி. அவிழ்த்தபோது உள்ளே சில்லறையோடு வெள்ளியாக ஒன்று மின்னியது, கத்தரித்த மாத்திரை அட்டை. நான் பார்த்தேன். தலைவலி மாத்திரையாக இருக்கும் என்று மனம் சொல்லிவிட்டது. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். எங்கள் பையையும் அதோடு வைத்து முடிந்துகொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்.

அந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்திருந்தால் அந்த நொடியே எனக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் கிளைபுரைடு என்று சொல்லும் மருந்துக்கு உலகத்தின் பெரும்பாலான பகுதிகளில் கிளிபென்கிளமைடு என்று பெயர். குவாத்தமாலாவில் அப்படித்தான், இந்தியாவிலும் அப்படித்தான். மதுரைக் கடையில் டயோனில் என்ற பெயரில் எத்தனையோ அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அமெரிக்க மருத்துவர் அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருக்கலாம். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் இரண்டு பெயரும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆனால் பெயர் எழுதிய முகாம் அட்டை என் மேசைக்கு வரவே வராதபடிதான் எங்கள் ஏற்பாடு இருந்தது.

வெள்ளி அதிகாலை

புதன்கிழமை காலையிலிருந்து அவர் நாங்கள் சொன்னதை அப்படியே செய்தார். சூரியன் பை காலையில், நிலாப் பை இரவில். பழைய மாத்திரையையும் வழக்கம்போல் காலையில் ஒன்று போட்டுக்கொண்டார், ஏனென்றால் அதை நிறுத்து என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. ஆக ஒரு நாளைக்கு 5 மி.கி. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் 15 மி.கி. சாப்பிட்டார், கூடவே மெட்ஃபார்மின் வேறு. ரொட்டியையும் வேளைக்கு இரண்டாகக் குறைத்துவிட்டார்.

வியாழன் மாலையே கை நடுங்கியிருக்கிறது. மழையில் நனைந்ததால் என்று நினைத்துச் சீக்கிரம் படுத்துவிட்டார். வெள்ளி அதிகாலை நான்கு மணி வாக்கில் மருமகள் எழுந்து பார்த்தால், உடம்பெல்லாம் வியர்த்து, சட்டை தொப்பலாக நனைந்து, கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லியிருக்கிறார். மருமகள் ஓடிப்போய் ஊர் சுகாதாரப் பணியாளரை எழுப்பினார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது நாற்பது இருக்கும், மருத்துவச்சியின் மகள், சில மாதப் பயிற்சி பெற்றவர். அவரிடம் குளுக்கோமீட்டர் கிடையாது. முந்தைய வருடம் எங்கள் குழுவிடம் ஒன்று கேட்டிருக்கிறார், அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கருவி இல்லாமலே அவர் சரியாகக் கண்டுபிடித்தார். சர்க்கரை நோயாளி, வியர்வை, குளறல், புது மாத்திரை. விழுங்க முடிகிறதா என்று முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, பனேலாவைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தார். பனேலா நம் அச்சுவெல்லம் மாதிரிதான், கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுப்பது. நினைவு முழுதாகத் தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், அதனால்தான் அந்தத் தண்ணீர்ச் சோதனை. அது அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு எங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்தார். மருத்துவரும் நானும் குளுக்கோமீட்டரோடு போனபோது மணி ஐந்து. பனேலா உள்ளே போயும் சர்க்கரை 41. அதற்கு முன் எவ்வளவு இருந்ததோ.

மண்தரையில் பாய், பாய்க்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு பை, சூரியனும் நிலாவும், அவற்றின் மேல் அந்த மாத்திரை அட்டை. எடுத்து விளக்கில் பார்த்தேன். பாதி பெயர் கத்தரியில் போய்விட்டது, மீதி '...கிளமிடா 5 மி.கி.' என்று தெரிந்தது. எதுவும் சொல்ல வாய் வரவில்லை. மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, "இது நம்முடைய கிளைபுரைடுதான்" என்றேன்.

மருத்துவமனையில்

பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கவைத்து ஏரிக்கரையில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே வாயில் பனேலாக் கரைசல் கொடுத்துக்கொண்டு வந்தார் அந்தச் சுகாதாரப் பணியாளர். அங்கே நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் கண் திறந்து மருமகள் பெயரைச் சொன்னார். எங்கள் குழுவில் ஒருவர், சரி, எல்லாம் முடிந்தது, மதியம் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார். அங்கிருந்த பெண் மருத்துவர் மறுத்துவிட்டார். கிளிபென்கிளமைடு நின்று வேலை செய்யும் மருந்து, அது உடைந்து வரும் பொருள்களும் சர்க்கரையைக் குறைக்கும், அவை சிறுநீரகம் வழியாகவும் வெளியேற வேண்டும், வயதானவர்களுக்கு அது மெதுவாகத்தான் நடக்கும். ஒரு முறை சர்க்கரை ஏறிவிட்டது என்று நம்பி அனுப்பினால் திரும்ப விழும். அவர் சொன்னபடியே மூன்று மணி நேரம் கழித்து மறுபடி 52. டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் நிற்காமல் ஓடியது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.3 என்று வந்தது, 47 கிலோ உடம்புக்கு அது கவலைப்பட வேண்டிய எண். நீர்ச்சத்து ஏறிய பிறகு 1.1-க்கு இறங்கியது. நாங்கள் முகாமில் கிரியேட்டினின் பார்க்கவே இல்லை, பார்க்கக் கருவியும் இல்லை. சனிக்கிழமை மாலைதான் வீட்டுக்கு விட்டார்கள்.

வெறும் பெயர்க் குழப்பம் என்று இதை முடித்துவிட முடியாது. 65 தாண்டியவர்களுக்குக் கிளைபுரைடைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் 60 வயதுக்கு மேல் அது ஏற்றதல்ல என்ற குறிப்பு உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் என் கடைக்கு இப்படி ஒரு சீட்டு வந்திருந்தால் மருத்துவருக்கு போன் செய்து கேட்டிருப்பேன். பழைய மாத்திரை இல்லாமலே, 66 வயதில், 47 கிலோவுக்கு, முதல் நாளே இரண்டு வேளை 5 மி.கி. என்பது அதிகம். அங்கே ஏன் கேட்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முகாமில் மருந்து கொடுப்பது உதவி என்று மனதில் பதிந்துவிட்டது, அதைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண் மூடிக்கொண்டது. எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

சொல்வதா, வேண்டாமா

வெள்ளி மதியம் குழுவுக்குள் ஒரு பேச்சு எழுந்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் போதும், விவரமாகச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது, ஊரில் பயம் பரவும், அடுத்த வருடம் யாரும் வரமாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எழுதிக் கொடுத்த மருத்துவர் ஒரே பிடியாக நின்றார், நான்தான் எழுதினேன், நானே சொல்கிறேன் என்றார். நானும் கூடப் போனேன். முக்கியமான காரணம் இது: உண்மையைச் சொல்லாவிட்டால் அவர்கள் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று தெரியாமல் மறுபடியும் இரண்டையும் சாப்பிடலாம், அல்லது பயந்து எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

சுகாதாரப் பணியாளர்தான் மொழிபெயர்த்தார். ஒரே மருந்துக்கு இரண்டு பெயர், அதை நாங்கள் கவனிக்காமல் இரண்டாவது முறை கொடுத்துவிட்டோம், தவறு எங்களுடையது, மன்னிக்க வேண்டும் என்றோம். அந்த அம்மா கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "ரெண்டையும் சேர்த்துப் போட்டது நான்தானே?" அந்தக் கேள்வியைக் கேட்டு மருத்துவர் அழுதுவிட்டார். நீங்கள் நாங்கள் சொன்னதைத்தான் செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னோம்.

மருமகள் அதுவரை பேசவில்லை. அப்புறம் ஸ்பானிஷிலேயே நேராகக் கேட்டார், இதே மாத்திரையை வாங்கிப்போன மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று. எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. ஏழு மணி நேரம் ஆகியிருந்தது.

மற்ற பத்துப் பேர்

அன்று மாலை முகாமை மூடிவிட்டு, அட்டைப்பெட்டியில் கிடந்த சீட்டுகளை எல்லாம் தரையில் கொட்டித் தேடினோம். கிளைபுரைடு எழுதிய சீட்டு இவருடையதோடு 11. சீட்டில் பெயர் மட்டும்தான், ஒரே பெயரில் ஊரில் நாலு பேர். அப்போதுதான் முதல் முறையாக அந்த அரசுச் சுகாதார நிலையத்துக்குப் போனோம். அந்தச் செவிலியர் கோபித்துக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது, அவர் கோபிக்கவில்லை. பதிவேட்டை எடுத்துப் போட்டார். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு தனிப் பக்கம், பெயர், வீடு இருக்கும் இடம், என்ன மருந்து, எந்தத் தேதியில் எத்தனை மாத்திரை. அந்த அம்மாவின் பெயருக்கு நேராகவும் கிளிபென்கிளமிடா, 30 மாத்திரை, ஜூன் முதல் வாரத் தேதி. ஐந்து நிமிட நடையில் இருந்தது இந்த விவரம்.

சனிக்கிழமை இரவுக்குள் எட்டுப் பேரைக் கண்டுபிடித்தோம். மீதி இரண்டு பேரும் வேலைக்காகக் கடலோரத் தோட்டங்களுக்குப் போயிருந்தார்கள், அவர்களை அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர் தேடிப் பிடித்தார். பத்துப் பேரில் நாலு பேர் வீட்டில் அதே கிளிபென்கிளமிடா இருந்தது. ஒருவர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார், பார்த்தபோது சர்க்கரை 68, லேசான தலைசுற்றல். உடனே சாப்பிடவைத்து, பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரவு முழுக்க வீட்டில் ஓர் ஆள் விழித்திருக்க ஏற்பாடு செய்தோம். மற்ற மூன்று பேரும் எங்கள் மாத்திரையை இன்னும் தொடவில்லை, உடம்பு ரொம்ப முடியாதபோது போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள். பத்துப் பேரிடமிருந்தும் கிளைபுரைடைத் திரும்ப வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். மருத்துவமனைச் செலவைக் குழு கட்டியது.

அதன் பிறகு

ஊர் திரும்பியதும் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை பேரைப் பார்த்தீர்கள், எத்தனை சீட்டு, எத்தனை மூக்குக்கண்ணாடி என்று கட்டம் கட்டமாக ஒரு படிவம். யாருக்காவது எங்களால் கெடுதல் நேர்ந்ததா என்று கேட்க அதில் ஒரு வரிகூட இல்லை. மருத்துவரும் நானும் தனியாக இரண்டு பக்கம் எழுதி அதோடு இணைத்தோம். ஒரு மாதம் பதில் வரவில்லை. பிறகு கூட்டம் வைத்துப் பேசினார்கள், மருந்துப் பட்டியலிலிருந்து கிளைபுரைடை எடுத்தார்கள், படிவத்தில் அந்த வரியைச் சேர்த்தார்கள். அட்டையும் சீட்டும் ஒரே தாளாயின. மருந்தாளுநர் பின்பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்திடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று விதி வந்தது.

2020-ல் அடுத்த பயணத்துக்கு எல்லாம் தயாராக இருந்தபோது கொரோனா வந்தது. மார்ச்சில் குவாத்தமாலா விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். பயணத்துக்கென்று சேர்த்த பணம் கையில் இருந்தது. நானும் அந்த மருத்துவரும், அதை அந்த ஊருக்கே அனுப்பலாம் என்று கேட்டோம். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். செவிலியருக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் ஆளுக்கொரு குளுக்கோமீட்டர், ஒரு வருடத்துக்குப் போதுமான சோதனைப் பட்டைகள், அந்த நாட்டிலேயே வாங்கிய, ஸ்பானிஷில் பெயர் அச்சிட்ட மெட்ஃபார்மின். எங்கள் மருத்துவர் வாரம் ஒரு நாள் வாட்ஸாப்பில் அவர்களோடு பேசுவார், அவர்கள் கேட்டால் மட்டும் ஆலோசனை சொல்வார். 23 பேர் விமானம் ஏறி இறங்கும் செலவில் ஒரு பகுதிதான் இதற்கு ஆனது. அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

2022-ல் மறுபடி போனோம், ஆறு பேர் மட்டும். சுகாதார நிலையத்திலேயே உட்கார்ந்தோம், யாரைப் பார்க்க வேண்டும் என்று செவிலியர் பட்டியல் போட்டார், மருந்து அவர் பதிவேட்டில் ஏறிய பிறகே வெளியே போனது. ஒரு நாளைக்கு முப்பது பேரைத்தான் பார்க்க முடிந்தது.

இனி நான் எப்படிச் செய்வேன்

கேள்வியை மாற்றிவிட்டேன். "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று கேட்பதில்லை, "வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று முந்தின நாளே சுகாதாரப் பணியாளர் வழியாகச் சொல்லி அனுப்புகிறோம். கொண்டுவந்ததைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பையைக் கொடுப்பதில்லை. கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று தனியாக ஒரு கேள்வி. என் மேசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அமெரிக்கப் பெயரும் உலகப் பெயரும்: கிளைபுரைடு என்றால் கிளிபென்கிளமைடு, ஆல்புட்டெரால் என்றால் சால்புட்டமால், அசிட்டமினோஃபென் என்றால் பாராசிட்டமால். இந்தியாவில் படித்த மருந்தாளுநரோ செவிலியரோ குழுவில் இருந்தால் இந்தத் தாளை எழுத அவரை விடப் பொருத்தமான ஆள் இல்லை, தயங்காமல் நீங்களே முன்வந்து எழுதுங்கள்.

சாப்பாடு பற்றிய அறிவுரையை அந்த ஊர்ப் பெண்ணே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். யார் வீட்டில் எந்த மாதம் சோளம் இருக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மருந்து எதையும் விட்டுவிட்டுக் கிளம்புவதில்லை, தொடர்ந்து பார்க்க அங்கே ஓர் ஆள் ஒப்புக்கொண்டால் ஒழிய.

மாணவர்களைப் பற்றி எனக்கு இன்னும் முடிவு இல்லை. அன்று சரியாக எழுதியது மாணவிதான், தவறியது அனுபவசாலிகளான நாங்கள். ஆனாலும் நோயாளியின் மருந்தைக் கேட்டு எழுதும் வேலையை, மருந்துப் பெயர் தெரியாத பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கும் நியாயம் இல்லை. அந்த மாணவி பல மாதம் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சம்பவம் நடந்த அன்றே அவரை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும், செய்யவில்லை.

அந்த அம்மா 2022-ல் நடந்தே வந்தார், மருமகளோடு. மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை மட்டும், வெறும் வயிற்றில் சர்க்கரை 150-க்கும் 170-க்கும் நடுவில் இருந்தது. இந்த வயதுக்கு இது போதும், இதற்கு மேல் இறக்க வேண்டாம் என்று செவிலியர் முடிவு செய்திருந்தார். எங்கள் மருத்துவரும் பதிவேட்டைப் பார்த்துவிட்டு அதை மாற்றவில்லை.